எந்தக் காயை முதலில் சமைப்பது?

மாதச் சந்தா கட்டிவிட்டால் வாரத்துக்கு ஒரு பெட்டி காய்கறி வயலிலிருந்து நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் இந்த ஏற்பாட்டுக்கு மாறிய குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. கடைக்குப் போனால் எதை வாங்குவது என்று நாம் முடிவு செய்கிறோம். பெட்டி முறையில் அந்த முடிவை வயலும் பருவமும் செய்கின்றன. அந்த வாரம் எது விளைந்ததோ அதுதான் வரும்.

இந்த யோசனை புதிதில்லை. ஜப்பானில் 1970-களில் ரசாயன விவசாயத்தைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பத் தலைவிகளும் விவசாயிகளும் நேரடியாகக் கைகோத்து ‘தெய்க்கெய்’ என்ற முறையை வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே வழியில் தொடங்கின. விளைச்சலில் பங்கு கேட்பவர் முன்பணம் தருவார். மழை பொய்த்தால் அந்த நட்டத்திலும் பங்கெடுப்பார். இன்று நம் ஊரில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் பெட்டிகளில் அந்த நட்டப் பங்கீடு பெரும்பாலும் இல்லை. வயல் கொடுப்பதை வாங்கிக்கொள்வது என்ற பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் பெட்டியில் வழக்கமாக இருப்பவை: முளைக்கீரையும் அரைக்கீரையும் ஒவ்வொரு கட்டு, வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலங்காய், நாட்டுத் தக்காளி, முருங்கைக்காய், வாழைக்காய், சின்ன வெங்காயம், கொசுறாகக் கறிவேப்பிலை. நாலு பேருக்கு ஒரு வாரத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு, தோன்றியதைத் தோன்றிய நாளில் சமைத்தால் வாரக் கடைசியில் குப்பைத் தொட்டி நிறையும். சந்தா லாபமா நட்டமா என்பது, எந்தக் காயை எந்த நாளில் அடுப்பில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த வரிசையைத் தாவரவியலே சொல்லிக்கொடுக்கிறது. கையில் எடுத்த காய் செடியின் எந்த உறுப்பு, பறிக்கும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் போதும்.

பறித்தாலும் மூச்சு நிற்பதில்லை

கிள்ளிய கீரையும் கொய்த கத்தரியும் உயிருள்ளவை. அவற்றின் செல்கள் ஆக்சிஜனை எடுத்து, சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. செடியில் இருந்தவரை இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரை வந்துகொண்டிருந்தது. வேர் நீர் அனுப்பியது. பறித்ததும் சம்பளம் நின்றுவிட்டது. வீட்டுச் செலவு மட்டும் நிற்கவில்லை. கையிருப்பு தீரும்வரை ஓடும் அந்தக் காலத்தைத்தான் நாம் ‘காய் தாங்குகிறது’ என்கிறோம்.

செலவின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் காய்களின் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. 5 டிகிரியில் இருக்கும் கீரையோடு ஒப்பிட்டால் 25 டிகிரியில் இருக்கும் கீரை நான்கு முதல் ஒன்பது மடங்கு வேகத்தில் தன் சேமிப்பைக் கரைக்கிறது. சென்னை வீட்டுச் சமையலறை எந்த மாதத்தில் 25 டிகிரியில் இருக்கிறது? விடியற்காலையில் பறிப்பதற்குக் காரணமும் இதுதான். பகல் வெயிலில் பறித்த காய், மண்ணும் வெயிலும் ஏற்றிய சூட்டைத் தனக்குள் சுமந்துகொண்டே பெட்டிக்குள் போகும். நெருக்கி அடுக்கிய பெட்டியில் சுவாச வெப்பமும் சேர்ந்துகொண்டால் நடுவில் இருக்கும் காய் ஓரத்துக் காயைவிடச் சூடாக இருக்கும். பெட்டி வந்ததும் வாசலிலேயே விட்டுவிடாமல் உடனே பிரித்துப் பரப்ப வேண்டியதன் அவசியம் இங்கே இருக்கிறது.

பறித்த காய்க்கு உயிர் இருக்கிறது என்பதற்கு இன்னொரு விசித்திரமான சான்றும் உண்டு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராமும் டேனியல் குட்ஸ்பீடும் அவர்களது குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவடைக்குப் பிந்தைய முட்டைக்கோஸைப் பகல்-இரவுபோல மாறி மாறி ஒளியிலும் இருளிலும் வைத்தார்கள். கோஸ் இலைகளின் உயிரியல் கடிகாரம் அந்தச் சுழற்சிக்கு ஏற்ப ஓடியது. புழுக்களை விரட்டும் வேதிப்பொருள்களின் அளவும் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. வேரிலிருந்து பிரிந்த பிறகும் அந்தக் கோஸுக்கு மணி தெரிந்திருந்தது.

வளர்ந்துகொண்டிருந்ததா, உறங்கிக்கொண்டிருந்ததா?

பறிக்கும் நேரத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த உறுப்பு வேகமாக மூச்சுவிடும். வளர்ச்சியை முடித்து ஓய்வில் இருந்த உறுப்பு மெல்ல மூச்சுவிடும். பெட்டியில் உள்ளவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்க இந்த ஒரு விதி போதும்.

முதல் கூட்டம், இலையும் தளிரும் பிஞ்சும். கீரை வகைகள், கொத்தமல்லி, வெண்டை, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, இளஞ்சோளக் கதிர் எல்லாம் இதில் வரும். இவற்றின் சுவாசம் மிக வேகமானது. இளஞ்சோளம் நல்ல உதாரணம்: பறித்த கணத்திலிருந்தே அதன் இனிப்பு மாவுப் பொருளாக மாறத் தொடங்குகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். 0 டிகிரியில் அந்த இழப்பு மிகச் சொற்பம். வண்டியில் நாள் கணக்காகக் கிடந்த கதிர் சப்பென்று இருப்பதற்கு விவசாயி மீது குற்றமில்லை.

இரண்டாவது, பழுக்கக்கூடிய காய்கள்: தக்காளி, வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, கொய்யா. இவற்றுக்குத் தனிக் கதை இருக்கிறது, பின்னால் வருவோம்.

மூன்றாவது, சேமிப்பு உறுப்புகள்: வெங்காயம், பூண்டு, உருளை, சேனை, கருணை, சேப்பங்கிழங்கு. அடுத்த பருவத்தில் முளைப்பதற்காகச் செடி பொட்டலம் கட்டி வைத்தவை. காத்திருப்பதே இவற்றின் வேலை. ஆகவே காற்றோட்டமும் இருட்டும் கிடைத்தால் வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். உருளைக்கிழங்குக்கு மட்டும் இருட்டு கட்டாயம். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அதோடு சேர்ந்து சோலனைன் போன்ற நச்சுப் பொருள்களும் கூடும். பச்சை படர்ந்த பகுதியை ஆழமாகச் சீவி எறிய வேண்டும். கிழங்கு முழுக்கப் பச்சையாகிவிட்டால் அதைச் சமைக்கவே வேண்டாம்.

காய்க்கடையில் வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதும், கடைக்காரர் அதைப் பார்த்து முறைப்பதும் நமக்குப் பழகிய காட்சி. அந்த ஒடிப்பு ஒரு நல்ல சோதனை. பூ விரிந்து நான்கிலிருந்து ஆறு நாளுக்குள் பறித்த பிஞ்சின் செல்கள் நீரால் விறைத்திருக்கும். சுவர்களில் லிக்னின் என்ற மரப்பொருள் இன்னும் படிந்திருக்காது. அதனால் நுனி டக்கென்று ஒடிகிறது. நாள் தள்ளிப் பறித்தால் நார் ஏறிவிடும். நுனி ஒடியாமல் வளையும். சந்தாப் பெட்டியில் ஒடித்துப் பார்த்துப் பொறுக்க வழியில்லை. வெண்டை வயலில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது காய் எடுக்கிறார்களா என்று பண்ணைக்காரரிடம் கேட்டுக்கொள்வது அந்தச் சோதனைக்குப் பதிலாக அமையும்.

ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்

கீரை கெடுவதற்கு முன்னால் வாடுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். பரந்து மெலிந்த இலையில், எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். போதாக்குறைக்கு ஆயிரக்கணக்கான இலைத்துளைகள். உள்ளே காற்று நீராவியால் நிறைந்திருக்க, வெளியே அறைக்காற்று உலர்ந்திருந்தால் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். பசலை போன்ற மென்மையான கீரை, எடையில் 3 சதவீதம் நீரை இழந்தாலே விற்பனைக்கு ஆகாத அளவுக்கு வாடிவிடும் என்பது அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அரைக் கிலோக் கட்டுக்கு அது 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்.

அதைத் தடுக்கத் தேவையானது ஈரமான காற்று. இலை மீது தண்ணீர் தேங்கினால் விளைவு வேறு. கிள்ளிய காம்பிலும் கசங்கிய இலையிலும் நுழையக் காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தேங்கிய நீர்தான் வழி. அவை செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்து, இலையைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். எனவே கீரையைக் கழுவாமல் வேரையும் மண்ணையும் மட்டும் நறுக்கிவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். கழுவுவது சமைக்கும்போது.

பிளாஸ்டிக் உறை நீரைக் காக்கும். ஆனால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத செல் நொதித்தலுக்கு மாறி ஆல்கஹால் உண்டாக்கும். இரண்டு நாள் கட்டிவைத்த உறையைத் திறந்ததும் வரும் புளித்த வாடை அதுதான். நாலைந்து துளை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்துக்கும் வழி இருக்கிறது. டெல்லியின் பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980-களில் மின்சாரம் தேவைப்படாத குளிர் அறை ஒன்றை உருவாக்கினார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் மணல், மணலுக்குத் தினமும் தண்ணீர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் கோடையில் உள்ளே வெப்பநிலை வெளியைவிட 10 டிகிரிக்கும் மேல் குறையும். ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே இயற்பியலால்தான். காற்று உலர்ந்திருந்தால் மட்டும் இது நன்றாக வேலை செய்யும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் பலன் குறைவு, உள்மாவட்டங்களில் கூடுதல்.

புகை போட்ட வாழையும் உதிர்ந்த கறிவேப்பிலையும்

1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் கோணிக்கொள்வதைக் கவனித்தார். விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1934-இல் ரிச்சர்டு கேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, பழுக்கும் ஆப்பிளே அந்த வாயுவை வெளியிடுகிறது என்று நிரூபித்தார். ஒரு சாதாரண வாயு செடிக்கு ஹார்மோனாக வேலை செய்வது அப்படித்தான் தெரியவந்தது.

வாழை, மா, தக்காளி வகையறாவில் ஒரு கட்டத்தில் சுவாசம் திடீரென்று எகிறும். கூடவே எத்திலீனும் பெருகும். அது மேலும் எத்திலீனைத் தூண்டும். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் பழுக்கும். வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகை போட்டுப் பழுக்கவைத்த நம் ஊர் வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் அரைகுறையாக எரியும் புகையில் எத்திலீன் இருக்கிறது. இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் அதே வாயுவைக் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடு கல்லுக்குத்தான் தடை. எலுமிச்சை, திராட்சை, மாதுளை, அன்னாசிக்கு இந்த எகிறல் கிடையாது. பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை.

சமையலறைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழுக்கும் பழத்துக்கு ஊக்கம் தரும் வாயு, இலைக்குப் பகை. இலையின் பச்சையம் சிதைவதையும் காம்பு கழன்று விழுவதையும் எத்திலீன் துரிதப்படுத்தும். பழுத்த வாழையும் தக்காளியும் கறிவேப்பிலையோடு ஒரே பையில் கிடந்தால் சீக்கிரமே ஈர்க்கு தனி, இலை தனி. பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பழங்களை ஒரு பக்கமும் இலைகளை மறுபக்கமும் ஒதுக்குவது.

குளிர் எல்லாருக்கும் ஆகாது

குளிர்ந்தால் சுவாசம் குறையும் என்றால் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமே? கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, வாழை எல்லாம் வெப்ப மண்டலத்துச் செடிகள். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் இவற்றின் செல்சவ்வுகள் இறுகிக் கசியத் தொடங்கும். வெளியே எடுத்த பிறகுதான் சேதம் தெரியும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருந்த கத்தரிக்காயை நறுக்கிப் பாருங்கள். தோலில் அங்கங்கே குழி. விதைகள் பழுப்பேறி, சதையும் கறுத்திருக்கும். புதுக் கத்தரியும் நறுக்கியதும் கறுக்கிறதே என்றால், அது நொதியும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. நறுக்கித் தண்ணீரில் போட்டால் மட்டுப்படும். உள்ளேயே கறுத்த காய்க்குத் தண்ணீர் பலிக்காது.

தக்காளிக்கு இழப்பு நாக்கில் தெரியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 2016-இல் தக்காளிகளை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் அவ்வளவாக மாறவில்லை. மணம் தரும் ஆவியாகும் பொருள்கள்தான் குறைந்தன. அவற்றை உருவாக்கும் மரபணுக்களின் செயல்பாட்டைக் குளிர் அடக்கிவிட்டது. மீண்டும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. ரசத்துக்கு வைத்திருக்கும் நாட்டுத் தக்காளியைக் கூடையில், காம்புப் பக்கம் கீழாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வைப்பதே நல்லது. முழுதாகப் பழுத்து, இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்ற நிலைக்கு வந்தால் மட்டும் ஃப்ரிட்ஜ்.

உருளைக்கிழங்கும் குளிரில் மாறும். அதன் மாவுப் பொருள் சர்க்கரையாகி, வறுக்கும்போது அதிகமாகச் சிவக்கும். கூடவே அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருளும் கூடும்; வறுத்த உணவில் அது உண்டாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல்தான் வெளிக்கொண்டுவந்தார்கள்.

பெட்டி தருவது என்ன, தராதது என்ன?

பெட்டியில் வரும் காய்க்கு ருசி கூடுதல் என்று பலர் சொல்வதற்கு நேரம் ஒரு காரணம். ரகம் இன்னொரு காரணம். தொலைதூரம் போகும் தக்காளிக்குத் தடித்த தோலும் ஒரே சீரான நிறமும் தேவை. உலகெங்கும் வணிகத் தக்காளிகளில், பழம் ஒரே சீராகச் சிவப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஒரு மரபணு மாற்றம், காயில் பச்சையத்தைக் குறைத்து அதன் வழியாகப் பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிட்டது என்று 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் தெரியும் நாட்டுத் தக்காளியைக் கோணல் என்று ஒதுக்கியதற்கு நாக்கு கொடுத்த விலை அது. மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும் காய்க்குத் தடித்த தோல் வேண்டியதில்லை. எனவே பண்ணைக்காரர் ருசியைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்க முடிகிறது.

சுற்றுச்சூழல் லாபத்தை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபர், மேத்யூஸ் இருவரும் 2008-இல் அமெரிக்கக் குடும்பங்களின் உணவைக் கணக்கிட்டபோது, அதனால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்தான். பெரும்பங்கு உற்பத்தியின் போதே வெளியாகிவிடுகிறது. நமது உணவும் சாலையும் வேறு. இருந்தாலும் தூரம் குறைந்தாலே எல்லாம் சரி என்று சொல்ல முடியாது என்பது தெளிவு. வீணாக்காமல் சாப்பிடுவதில்தான் பெரிய லாபம். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் அறுவடையின் போதும் அதற்குப் பிறகும் வீணாகும் காய்கறி, வகையைப் பொறுத்து 4.58 முதல் 12.44 சதவீதம், பழங்களில் 6.70 முதல் 15.88 சதவீதம். காய்கறியில் தக்காளியும் பழத்தில் கொய்யாவும் இழப்பில் முதலிடம். இது வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடக்கும் இழப்பு. மண்டி, லாரி, கடை என்று கை மாறாத பெட்டி இதில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். மிச்சப்படுத்தியதை நம் ஃப்ரிட்ஜில் அழுகவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

சனிக்கிழமை காலை பெட்டி வருகிறது என்று வைத்துக்கொண்டால் வரிசை இப்படி அமையும். சனியும் ஞாயிறும் கீரை, கொத்தமல்லி. திங்களுக்குள் வெண்டை, பீன்ஸ். செவ்வாய், புதனில் கத்தரி, புடலை, முருங்கை. அதன்பின் வாழைக்காய், பூசணி. கடைசியில் சேனை, உருளை. தக்காளி பழுக்கப் பழுக்க. வாரத்தில் இரண்டு நாள்கூட வீட்டில் சமைக்காத குடும்பத்துக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது. அவர்களுக்குத் தேவைக்கேற்ப வாங்க உழவர் சந்தை இருக்கிறது. இட்லி மாவு அரைக்கும் நாளைத் திட்டமிடுவதுபோலக் கீரை நாளையும் திட்டமிடும் வீட்டுக்கு இது லாபம்.

சந்தா கட்டுவதற்கு முன் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை மணிக்குப் பறிக்கிறீர்கள்? பறித்த எத்தனை மணி நேரத்தில் என் வீட்டுக்கு வரும்? செங்கல்பட்டில் விளையாத கேரட்டும் உருளையும் பெட்டியில் இருந்தால், அவை எங்கே வாங்கியவை? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மூன்று மாதத்துக்குக் கட்டிப் பார்க்கலாம். ‘எல்லாம் ஃப்ரெஷ்தான் சார்’ என்ற ஒரே பதில் வந்தால், தெருமுனைக் காய்க்கடையில் வெண்டை நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது.